கட்டர், ட்ரில், உளி... வீட்டு மர வேலையில் விரல் போவது எந்த நொடியில்? தவிர்ப்பது எப்படி? முழு விவரம்

ஒரு கட்டர், ஒரு ட்ரில், ரெண்டு பிளைவுட் துண்டு. மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சின்னதாக ஒரு பட்டறை ரெடி. செருப்பு ஸ்டாண்ட், புத்தக அலமாரி, பூஜை ஷெல்ஃப் என்று வீட்டுக்குத் தேவையானதை வீடியோ பார்த்து நாமே செய்துகொள்வது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. சில ஆயிரம் ரூபாய் இருந்தால் கருவிகள் வீடு தேடி வந்துவிடும்.

ஆனால், வீடியோவில் 10 விநாடியில் முடிந்துவிடும் அதே வெட்டில்தான் விரலும் போகிறது.

வீட்டுப் பட்டறை விபத்துகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியது கிளாம்ப் அல்லது வைஸ். அந்த வேலையைக் கை செய்யத் தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலான காயங்கள் நடக்கின்றன. இது எப்படி நடக்கிறது, எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டில் ஏன் ஆபத்து அதிகம்?

தொழிற்சாலையில் சுழலும் இயந்திரத்துக்குத் தடுப்பு போட்டே ஆக வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 21-ல் இதைக் கட்டாயமாக்கியது. சரிபார்க்க ஆய்வாளர் வருவார். வீட்டு மாடிக்கு யார் வருவார்? கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தாலும் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு காரணம், பழக்கம். தினமும் மரம் அறுக்கும் தச்சருக்குக் கருவியின் சத்தம் மாறினாலே ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் கருவியைக் கையில் எடுப்பவருக்கு அந்தக் காது பழகியிருக்காது. அதே சமயம் பழகிய தச்சர்களும் விரலை இழக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அனுபவம் உதவும், ஆனால் பிளேடுக்கு அனுபவசாலி, புதியவர் என்ற வித்தியாசம் தெரியாது.

அமெரிக்காவில் மேஜை ரம்பத்தால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் காயமடைந்து அவசர சிகிச்சைக்கு வருவதாகவும், ஒரு நாளைக்குச் சராசரியாக 10 பேர் விரலோ கையின் ஒரு பகுதியோ துண்டிக்கப்பட்டு வருவதாகவும் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் தெரிவித்தது. கருவியும் தரமும் நன்றாக இருக்கும் நாட்டிலேயே நிலைமை இதுதான்.

மார்பிள் கட்டரில் மரம் அறுக்கலாமா?

நம்ம ஊரில் அதிகம் நடப்பது இதுதான். டைல்ஸ், கல் வெட்டுவதற்காகச் செய்யப்பட்ட 4 இன்ச் மார்பிள் கட்டரில், பல் வைத்த மர பிளேடை மாட்டி பிளைவுட் அறுப்பது. விலை குறைவு, எடை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

இதில் என்ன பிரச்சினை?

முதலாவது, வேகம். இந்தக் கட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 12,000 சுற்று அல்லது அதற்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் பிளேடின் விளிம்பு மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆபத்து என்று கண்டு கையை இழுக்க மனிதனுக்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். அதற்குள் பிளேடு 40 தடவை சுற்றி முடித்திருக்கும். 40 பல் உள்ள பிளேடு என்றால் 1,600 வெட்டு. ‘பட்டவுடனே கையை எடுத்துடலாம்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது.

இரண்டாவது, கார்டு. மரம் அறுக்கவே செய்யப்பட்ட சர்க்குலர் சாவில் கீழ்ப்பக்கம் ஸ்பிரிங் வைத்த மூடி இருக்கும். வெட்டி முடித்ததும் அது தானாகவே பிளேடை மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் மேல்பக்கம் மட்டும்தான் மூடி. வேலை முடிந்து கீழே வைக்கும்போதும் பிளேடு திறந்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். காலுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, தலைகீழ் மேஜை. ஒரு பலகையில் ஓட்டை போட்டு, கட்டரைக் கீழிருந்து தலைகீழாகத் திருகி, ஸ்விட்சை லாக் செய்துவிட்டு ‘டேபிள் சா’ என்று பயன்படுத்தும் வீடியோக்கள் ஏராளம். இதில் பிளேடுக்கு மூடியும் இல்லை, அவசரத்தில் அணைக்கக் கைக்கு எட்டும் ஸ்விட்சும் இல்லை. பாதுகாப்பு என்று சொல்ல எதுவுமே மிச்சம் இல்லாத அமைப்பு இது.

ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவது இதைவிட மோசம். கிரைண்டர் என்பது இரும்பைத் தேய்க்க உருவான கருவி. அதில் பல் வைத்த பிளேடு மரத்தில் மாட்டிக்கொண்டால், கருவியே கையை முறுக்கிக்கொண்டு முகத்தை நோக்கித் திரும்பும். பெரிய பிளேடு போடுவதற்காகக் கார்டைக் கழற்றுவது, பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகத்தைப் பார்க்காமல் மாட்டுவது இரண்டும் கூடவே கூடாது. அந்த எண், கருவியின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் பிளேடு உடைந்து சிதறலாம்.

கிக்பேக் என்றால் என்ன? ஆப்பசைத்த குரங்கு சொல்லும் பாடம்

சின்ன வயதில் கேட்ட பஞ்சதந்திரக் கதைதான். தச்சர்கள் பாதி பிளந்த மரத்தில் ஓர் ஆப்பைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். சேட்டை பிடித்த குரங்கு அந்த ஆப்பைப் பிடுங்குகிறது. பிளவு சட்டென்று மூடி, குரங்கு மாட்டிக்கொள்கிறது.

அந்தத் தச்சர்கள் ஏன் ஆப்பு வைத்தார்கள்? மரத்தின் உள்ளே ஒரு இறுக்கம் இருக்கிறது. பிளந்தாலும் அறுத்தாலும் அந்த இறுக்கம் விடுபட்டு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நெருங்கப் பார்க்கும். இடையில் சுழலும் பிளேடு இருந்தால், மரம் அதை இறுக்கிப் பிடித்துவிடும். மேஜை ரம்பத்தில் பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்புபவை. அவை மரத்தைத் தூக்கி, அறுப்பவரை நோக்கி வீசிவிடும். இதுதான் கிக்பேக். கையில் பிடித்து அறுக்கும் கட்டரில் மரத்துக்குப் பதில் கட்டரே பின்னால் துள்ளும்.

இதைத் தடுக்கத்தான் நல்ல மேஜை ரம்பங்களில் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. ரைவிங் நைஃப் என்று பெயர். பிளவு மூடாமல் பார்த்துக்கொள்ளும் அதே ஆப்பு வேலைதான் இதற்கும். ‘இது இடைஞ்சலா இருக்கே’ என்று கழற்றி வைப்பவர், கதையில் வரும் குரங்கின் வேலையைத்தான் செய்கிறார்.

கிக்பேக்கைத் தவிர்க்க:

• பிளேடு ஓடும் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள்.

• இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் பலகையை வைத்து மையத்தில் அறுக்காதீர்கள். பலகை கீழே வளைந்து, வெட்டு மேலே மூடிக்கொள்ளும். வெட்டும் துண்டு வெளிப்பக்கமாக விலகும்படி வையுங்கள்.

• மேஜை ரம்பத்தில் பக்கத்தடுப்பு இல்லாமல் வெறும் கையால் பலகையைத் தள்ளாதீர்கள். கடைசி ஒரு சாண் தூரத்துக்குத் தள்ளுகட்டை வேண்டும்.

• பிளேடு மாட்டிக்கொண்டால் இழுத்துப் பார்க்காதீர்கள். முதலில் ஸ்விட்ச், பிறகு பிளக். அப்புறம்தான் மரம்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999 வாக்கில் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். பிளேடில் லேசான மின் சிக்னல் ஓடும். மனித விரல் பட்டதும் சிக்னல் மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து, சில மில்லி விநாடிகளில் நிறுத்திவிடும். விரலுக்குப் பதிலாக ஹாட் டாக் வைத்து அவர் காட்டிய செயல்விளக்கம் மிகப் பிரபலம். ‘சா ஸ்டாப்’ என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. நம் வீடுகளில் இருக்கும் சாதாரணக் கட்டர்களில் இந்த வசதி கிடையாது. எனவே நமக்கு நாமேதான் பிரேக்.

சின்னக் கருவி, பெரிய காயம்

‘மிஷின்தானே ஆபத்து, உளியில என்ன இருக்கு?’ என்று தோன்றலாம். இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் உளியைத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. உளி வழுக்கினால் நேராக இடது உள்ளங்கை. அங்கே விரலை மடக்கும் தசைநாண்களும் உணர்வு நரம்புகளும் இருக்கின்றன. காயம் சின்னதாகத் தெரியும், ஆனால் விரல் மடங்காது. உளியின் முனைக்கு முன்னால் உடம்பின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

மொக்கை உளி பாதுகாப்பானது என்று நினைப்பதும் தவறு. கூர்மையான உளி சொன்ன இடத்தில் சீவும். மொக்கை உளிக்குப் பலம் கொடுக்க வேண்டியிருக்கும். பலம் கொடுக்கும்போதுதான் அது வழுக்கும். சாணைக்கல்லில் 5 நிமிடம் செலவழித்தால் ஒரு தையல் மிச்சம்.

ட்ரில்லிலும் இதே கதைதான். சின்னத் துண்டைக் கையில் பிடித்து ஓட்டை போடும்போது, ட்ரில் பிட் மறுபக்கம் வெளியே வரும் நொடியில் மரத்தில் மாட்டிக்கொள்ளும். மரத்துண்டு பிட்டோடு சேர்ந்து சுற்றும், விரலைப் பதம் பார்க்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சி-கிளாம்ப் போதும், இந்தப் பிரச்சினையே இல்லை.

கையுறை போட்டால் பாதுகாப்புதானே?

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. சுழலும் பிளேடு, ட்ரில் பிட், ரூட்டர் பக்கத்தில் துணிக் கையுறை போடக் கூடாது. நூல் ஒன்று சிக்கினால் போதும், கையுறையோடு கையும் உள்ளே போய்விடும். வெறும் கை என்றால் வெட்டுக்காயத்தோடு வெளியே வர வாய்ப்பு உண்டு.

தொங்கும் லுங்கி, துப்பட்டா, முழுக்கைச் சட்டையின் அவிழ்ந்த பொத்தான், கழுத்துச் செயின், பின்னாத கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே விதி. கோயிலில் கட்டிய கயிறு, மோதிரம் இரண்டையும் வேலைக்கு முன் கழற்றி வையுங்கள். மோதிரம் மாட்டி இழுபட்டால் விரலின் தோலும் சதையும் உறைபோல உரிந்து வரும். மருத்துவர்களுக்கே சவாலான காயம் அது.

கையுறை எப்போது வேண்டும்? சிராய் நிறைந்த பலகைகளைத் தூக்கி அடுக்கும்போதும், கெமிக்கல் தொடும்போதும். கண்ணாடி மட்டும் எப்போதும் வேண்டும். சாதாரண பவர் கிளாஸ் போதாது, பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியே சரி.

தூசியும் சத்தமும்: இன்றைக்கு வலிக்காது

மரத்தூள் இயற்கையானதுதானே என்று விட்டுவிடுகிறோம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மரத்தூளை 1995-லேயே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் தினமும் சுவாசிக்கும் தொழிலாளர்களிடம் மூக்கு, சைனஸ் பகுதிப் புற்றுநோய் கண்டறியப்பட்டதே காரணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்பவர் பதற வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாள் தூசியே போதும். தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் கொடுக்கும். பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகளின் பசையில் ஃபார்மால்டிஹைடு கலந்திருக்கலாம் என்பதால் இன்னும் கவனம் தேவை.

காற்றோட்டமான இடத்தில் அறுங்கள். கைக்குட்டைக்குப் பதில் என்95 மாஸ்க் போடுங்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூசி மறுபடியும் கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். கட்டர்கள் எளிதாகத் தொடும் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். ஒரு ஜோடி இயர்பிளக் விலை ஒரு டீ, வடை செலவுதான்.

எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்குமா?

பிடிக்கும். மரத்துக்குப் பளபளப்பு கொடுக்கப் பூசும் ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காயும். அப்போது வெப்பம் வரும். துணியை விரித்துப் போட்டால் வெப்பம் வெளியேறிவிடும். கசக்கிச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, சில மணி நேரத்தில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி ‘ஒன் மெரிடியன் பிளாசா’ கட்டடம் எரிந்தது இப்படித்தான். 22ஆவது மாடியில் மர வேலைக்குப் பயன்படுத்திவிட்டுப் போட்டிருந்த லின்சீட் ஆயில் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் உயிரிழந்தனர். எண்ணெய் துடைத்த துணியை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப் போடுங்கள். அல்லது மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமுக்கி வையுங்கள்.

தின்னர் கலந்த பாலிஷ் அடிக்கும்போது அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரிந்துகொண்டிருந்தால் ஆபத்து. மரத்தூள் குவிந்த இடத்தில் கிரைண்டரால் இரும்பைத் தேய்ப்பதும் வேண்டாம். பொறி உள்ளே புகைந்து இரவில் எரியலாம்.

இன்னொன்று, சூப்பர் க்ளூ பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கொட்டினால் சட்டென்று சூடேறிப் புகை வரும். தோலையும் சுடும். அதைத் துடைக்கப் பழைய பனியனை எடுக்காதீர்கள்.

பிளக் பாயிண்ட்டும் பார்க்கணும்

2,000 வாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். டிவி, சார்ஜருக்கு வைத்திருக்கும் 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் போர்டில் அதை மாட்டினால் ஒயர் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட், தடிமனான ஒயர் அவசியம். ஒயர் சுருளைப் பயன்படுத்தினால் முழுவதும் பிரித்து விடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பிளேடு தன் ஒயரையே அறுத்துவிடும் சம்பவங்களில் உயிரைக் காப்பது அதுதான். பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

அளவு தப்பினால் விரலுக்கும் ஆபத்து

அளவு தவறுவதற்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பிளேடு தன் தடிமன் அளவுக்கு மரத்தைத் தூளாக்கிவிடும். 2 மி.மீ. பிளேடு என்றால் 5 வெட்டுக்கு 1 செ.மீ. காணாமல் போகும். இதைக் கணக்கில் எடுக்காமல் அறுத்தால் கடைசித் துண்டு பொருந்தாது. உடனே என்ன செய்வோம்? சின்னத் துண்டைக் கையில் பிடித்து ஓரத்தை மட்டும் சீவப் பார்ப்போம். அங்கேதான் விரலுக்கும் பிளேடுக்கும் இடைவெளி குறைகிறது. சின்னத் துண்டு வேண்டும் என்றால், பெரிய பலகையில் இருக்கும்போதே அறுத்து எடுங்கள். ஏற்கெனவே சின்னதாகிவிட்டால் கிளாம்ப் போட்டுக் கைரம்பத்தால் அறுங்கள்.

பழைய பேக்கிங் பெட்டி மரத்தில் வேலை செய்பவர்கள் காந்தம் வைத்து ஆணி இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் பிளேடை வைக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கு வரும் மரத்தட்டுகளில் ‘எச்.டி’ முத்திரை இருந்தால் சூடாக்கிப் பதப்படுத்தியது, ‘எம்.பி’ என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது. இரண்டாவது வீட்டுக்கு வேண்டாம். ஈரம் காயாத பச்சை மரம், செய்து முடித்த பிறகு அகலவாக்கில் சுருங்கும், முறுக்கும். அறுக்கும்போதும் பிளேடை இறுக்கும். நன்றாக ஆறிய மரத்தையே வாங்குங்கள்.

விபத்து நடந்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

விரல் துண்டானால்: சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு இறுக மூடுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் வைக்கக் கூடாது, திசு உறைந்து கெட்டுவிடும். இப்படிக் குளிர்ச்சியாக வைத்தால் மீண்டும் இணைக்கப் பல மணி நேர அவகாசம் கிடைக்கும். 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டானதைச் சொல்லுங்கள். கை அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வெட்டுக்காயம்: மஞ்சள்தூள், காபித்தூள் வைக்காதீர்கள். ரத்தம் நின்ற பிறகும் விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள்.

கண்ணில் குத்தினால்: தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள். கண்ணில் அழுத்தாதபடி ஒரு பேப்பர் கப்பால் மூடி, கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்விட்ச் போடுவதற்கு முன் 6 கேள்விகள்

1. மரத்தைப் பிடித்திருப்பது கிளாம்பா, கையா?

2. கார்டு அதன் இடத்தில் இருக்கிறதா?

3. வழுக்கினால் பிளேடு போகும் பாதையில் கை, கால், ஒயர் ஏதாவது இருக்கிறதா?

4. கண்ணாடி, மாஸ்க், இயர்பிளக் போட்டாச்சா? மோதிரம், கயிறு கழற்றியாச்சா?

5. குழந்தைகள் எங்கே? வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிக் கருவியைப் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா?

6. சோர்வாக இருக்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. இருட்டப் போகிறது, இன்னும் ஒரே ஒரு வெட்டு மட்டும்தான் பாக்கி, கிளாம்பைத் தேடி எடுக்கச் சோம்பலாக இருக்கிறது. அந்த நேரத்தில் கையே கிளாம்ப் ஆகிவிடும். ஷெல்ஃப் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே இறங்குங்கள்.